மினியா, முழுசா

என் இரட்டைப் பெண்கள் எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகும் நான் ஆறு மாதக் கர்ப்பிணியைப் போலத்தான் இருந்தேன். பருமனான உடம்பு என்று சொல்ல முடியாது. கையும் காலும் ஒல்லி, முகம் ஒட்டிப்போனது. வயிறு மட்டும் தனியாக முன்னால் வந்து நின்றது. காலையில் எழும்போது கொஞ்சம் அடங்கியிருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் குர்தாவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அதற்குக் கீழே, சிசேரியன் தழும்புக்கு மேல், சுருங்கிய தோல் ஒரு மடிப்பாகத் தொங்கியது.

என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தேன். டெல்லியில் கிட்வாய் நகர்க் குடியிருப்பிலிருந்து லோதி ரோட்டில் இருக்கும் அலுவலகத்துக்குப் பனிக்காலத்திலும் நடந்தே போனேன். சோற்றைக் குறைத்தேன். ஜிம்முக்குப் போய்த் தரையில் படுத்துப் படுத்து எழுந்தேன். எடை இறங்கியது, வயிறு இறங்கவில்லை. முதுகு வலிதான் கூடியது. நாற்காலியில் முழு நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர வேண்டும்.

மெட்ரோவின் பெண்கள் பெட்டியில் எனக்கு அடிக்கடி எழுந்து இடம் கொடுப்பார்கள். மறுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு மாலை முதுகு இற்றுவிழுவது போல் வலித்தபோது கல்லூரிப் பெண் ஒருத்தி, "பைட்டியே ஆன்ட்டி" என்று எழுந்தாள். உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் எத்தனையாவது மாதம் என்று ஹிந்தியில் கேட்டார். சிரித்து வைத்தேன். நான் இறங்கும்வரை அவர் என் வயிற்றையே கரிசனமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவி, டம்மி டக் என்று சொல்லும், வயிற்றைத் தட்டையாக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் போனில் தேட ஆரம்பித்தேன்.

கணவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மதுரைக்காரர், என்னைப் போலவே மத்திய அரசு ஊழியர், எதற்கும் குரல் உயர்த்தாதவர். ஆனால் எங்கள் வீட்டில் ஆபரேஷன் என்ற சொல்லை யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. அவருக்கு ஒரே அக்கா. இவர் கல்லூரியில் படிக்கும்போது ஊரில் ஒரு சிறு மருத்துவமனையில் கருப்பைக் கட்டிக்காக அக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து கொடுத்த பிறகு அவள் கண் விழிக்கவே இல்லை. வெளியே பெஞ்சில் அக்காவின் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இவர். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை இதைச் சொன்னார். என் சிசேரியன் அன்று அவரால் தியேட்டர் பக்கமே வர முடியவில்லை. இரண்டு பெண்களும் பிறந்த செய்தி கிடைக்கும்வரை மருத்துவமனை கேட்டில் நின்றார்.

நான் சொல்லி முடித்ததும் அவர் நியூஸ் சேனலின் ஒலியைக் குறைத்தார்.

"உசுருக்கு ஆபத்துன்னா பண்ணலாம். இது அப்படியா?"

முதுகு வலிக்கிறது என்றேன்.

"முதுகு வலிக்கு யாராவது வயித்தைக் கிழிப்பாங்களா?"

அதன் பிறகு சில நாட்கள் அந்தப் பேச்சே எழவில்லை. அவரும் போனில் தேடியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை சாப்பிட்டுக்கொண்டே, இதில் மினி என்று ஒன்று இருக்கிறதாமே என்றார். சின்ன வெட்டு, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், ஆழ்ந்த மயக்கம்கூடத் தேவைப்படாதாம். "பண்ணித்தான் ஆகணும்னா, சின்னதாப் பண்ணிக்கோ" என்றார். அவர் எவ்வளவு தூரம் இறங்கி வந்து அதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். உடனே சரி என்றேன்.

தெற்கு டெல்லியில் ஒரு தனியார் கிளினிக். வெள்ளை சோபா, மெல்லிய இசை, சுவரெல்லாம் தட்டையான வயிறுகளின் படங்கள். டாக்டர் இளைஞர், பேச இனிமையானவர். என்னைக் கண்ணாடி முன் நிற்க வைத்து, தொப்புளுக்குக் கீழே தொங்கும் தோலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். மினி போதும் என்றார். பழைய சிசேரியன் தழும்பின் மேலேயே வெட்டிவிடலாம், புதிதாகத் தழும்பே தெரியாது, பத்து நாளில் அலுவலகம் போகலாம். என் கணவர் மயக்க மருந்தைப் பற்றி மட்டும் கேட்டார். லேசான தூக்கம்தான் என்று டாக்டர் அவர் தோளில் தட்டினார். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் கணவர் பெண்களின் பரீட்சை, பால்கனிக்கு வலை போடுவது என்று ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். பாரம் இறங்கியவரைப் போல இருந்தார். ஹோலி கழிந்ததும் என்று தேதி குறித்தார்கள்.

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது தற்செயலாகக் குனிந்து வயிற்றைப் பார்த்தேன். தலையைத் தூக்கியதும் நெஞ்சுக்கூட்டின் கீழிருந்து தொப்புள்வரை நடுவயிறு கூரை முகடு போல எழும்பி நின்றது. படுத்ததும் அடங்கியது. மறுபடி தலையைத் தூக்கினேன், மறுபடி எழும்பியது. வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்திருக்கும். நான் பார்த்ததில்லை, அல்லது பார்த்தும் யோசித்ததில்லை. டாக்டர் பிடித்துப் பார்த்தது தொப்புளுக்குக் கீழே. குர்தாவைத் தள்ளுவது தொப்புளுக்கு மேலே.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். டாக்டர் கிடைக்கவில்லை. ஆலோசகர் என்று சொல்லிக்கொண்ட பெண்தான் பேசினாள். மேல் வயிற்றுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"ஹோ ஜாயேகா மேடம், டென்ஷன் மத் லீஜியே" என்றாள், ஆகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று. எப்படி ஆகும் என்று விடாமல் கேட்டபோது, அதையெல்லாம் டாக்டர் டேபிளில் பார்த்துக்கொள்வார் என்றாள்.

டேபிளில் பார்த்துக்கொள்வார். அன்று முழுவதும் அலுவலகத்தில் கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நினைவில்லாமல் கிடக்கும்போது முடிவு செய்யப்போகிற விஷயமா இது?

இன்னொரு டாக்டரைப் பார்க்கப் போவதைக் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் கிடைத்திருந்த நிம்மதி போய்விடும். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு பெரிய மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்குப் போனேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் டாக்டர். சிரிக்கவில்லை, என்ன வேலை, எத்தனை பிரசவம், இருமும்போது சிறுநீர் கசிகிறதா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் தலையைக் குனிந்துகொண்டே ஆமாம் என்றேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் என்னை மேசையில் படுக்கச் சொன்னார். தலையை மட்டும் தூக்குங்கள் என்றார். பிறகு என் வலது கையை எடுத்து, என் விரல்களையே என் வயிற்றின் நடுவில் வைத்து அழுத்தினார். விரல்கள் உள்ளே இறங்கின. இரண்டு பக்கமும் கெட்டியான விளிம்பு, நடுவில் ஒன்றுமில்லை. கையை உதறி எடுத்துவிட்டேன்.

இது கொழுப்பில்லை என்று அவர் விளக்கினார். இரட்டைக் குழந்தைகளைச் சுமந்தபோது நடுவயிற்றுத் தசைகள் விலகின, திரும்பச் சேரவில்லை. எத்தனை உடற்பயிற்சி செய்தாலும் இந்த அளவு இடைவெளி மூடாது. தொப்புளில் நெல்லிக்காய் அளவு ஒரு புடைப்பு இருந்ததைத் தொட்டு, இது ஹெர்னியா என்றார். அது என் தொப்புளின் வடிவம் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

மினியைப் பற்றிக் கேட்டேன். செய்யலாம், கீழே தொங்கும் தோல் போய்விடும் என்றார். பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னதை இன்றும் மறக்கவில்லை: "கீழே தட்டையானதும் மேலே இருக்கும் வீக்கம் இன்னும் எடுப்பாகத் தெரியும். உங்கள் தொல்லை மேலே இருக்கிறது. மினி அந்த இடத்துக்குப் போகவே போகாது."

முழு அறுவை சிகிச்சை என்றால் என்னவென்றும் மறைக்காமல் சொன்னார். ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்புவரை வெட்டு. தொப்புளைச் சுற்றி வெட்டித் தனியாக விட்டு, தோலைக் கீழே இழுத்து, அதில் புதிய துளை போட்டு வெளியே எடுத்துத் தைப்பார்கள். தசைகளை மேலிருந்து கீழ்வரை சேர்த்துத் தைப்பார்கள், ஹெர்னியாவையும் அதோடு மூடிவிடுவார்கள். முழு மயக்கம். ரத்தம் கட்டலாம், நீர் சேரலாம், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம், தையல் பிரியலாம். ஆறு வாரம் பெல்ட், குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது. எதுவுமே செய்யாமல் ஹெர்னியாவை மட்டும் கவனித்துக்கொண்டு இருப்பதும் ஒரு வழிதான் என்றார். எதையும் அவர் என் மேல் திணிக்கவில்லை. அதனாலேயே என் பயம் கூடியது.

அடுத்த சனிக்கிழமை காலை சமையலறையில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டார்.

"முடிவான விஷயம். யாரைக் கேட்டுப் போன?"

"என் வயிறு. யாரைக் கேக்கணும்?"

ஆபத்து குறைவான வழி ஒன்று இருக்கும்போது பெரிய வெட்டுக்கு ஏன் ஆசைப்படுகிறாய் என்றார். ஆசை என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மினியால் எனக்கு ஒரு பயனும் இல்லை, உங்கள் பயத்துக்கு மருந்தாக நான் ஒரு ஆபரேஷன் பண்ணிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டேன். மினி என்றால் சின்னது, சின்னது என்றால் ஆபத்தில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

"உங்க அக்காவுக்கும் சின்ன ஆபரேஷன்னுதானே சொன்னாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார். பால்கனியிலிருந்து பார்த்தேன். குடியிருப்பின் சுற்றுப் பாதையில் தலை குனிந்து நடந்துகொண்டிருந்தார். மத்தியானம்வரை மேலே வரவில்லை.

எங்கள் பெண்கள் அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். மாலையில் மூத்தவள், அதாவது சில நிமிஷம் முன்னால் பிறந்தவள், துணி மடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் தமிழில் பாதி ஹிந்தியாக இருக்கும். அன்று யோசித்து யோசித்து முழுத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, எங்களாலயா இப்படி ஆச்சு?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளை ஏமாற்ற முடியாது. உங்களைச் சுமந்ததால் ஆனது, உங்களால் ஆனது இல்லை என்றேன். அவளுக்கு அந்த வித்தியாசம் புரிந்ததா என்று தெரியவில்லை. இளையவள் கதவருகே நின்றபடி, அம்மா அசிங்கமாக இருப்பதாக யார் சொன்னார்கள் என்று கோபமாகக் கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றேன். இந்த ஆபரேஷனைச் செய்துகொள்வதால் இவர்களுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறேன் என்ற கேள்வி அன்று முதல் என்னைப் பிடித்துக்கொண்டது. அழகுக்காக இல்லை என்று எனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டேன். முழுக்க உண்மையில்லை. மடிப்பில்லாத வயிறோடு ஒரு முறை கண்ணாடி முன் நிற்க வேண்டும் என்ற ஏக்கமும் எனக்கு இருந்தது.

கிளினிக் தேதியை ரத்து செய்தேன். அந்த ஆலோசகப் பெண் தினமும் போன் செய்து, இப்படியே விட்டால் தோல் இன்னும் தொங்கும் என்று பயமுறுத்தினாள். எண்ணை பிளாக் செய்த பிறகுதான் விட்டாள்.

கணவர் ஒரு வாரம் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். பிறகு ஒரு நாள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, மயக்க மருந்து கொடுக்கிறவரைப் பார்க்க முடியுமா என்றார். நான் போய்ப் பார்த்த அந்தப் பெண் சர்ஜனிடம் கேட்டு ஏற்பாடு செய்தேன்.

மயக்க மருந்து நிபுணரும் ஒரு பெண்தான். அவரது சிறிய அறையில் என் கணவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, திக்கித் திக்கி ஹிந்தியில் அக்காவைப் பற்றிச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைப் பற்றியும் சொன்னார். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, என்ன காரணத்தால் இறந்தார் என்றார். தெரியாது என்றார் இவர். மயக்க மருந்து என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டார்களே தவிர, யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

"உங்கள் மனைவிக்கு உங்கள் அக்காவோடு ரத்த சம்பந்தம் இல்லை" என்றார் டாக்டர். "அக்காவுக்கு நடந்தது இவருக்கு நடக்கும் என்பதற்குக் காரணமில்லை. ஆனால் உங்களுக்கு ரத்த சம்பந்தம் உண்டு. உங்கள் பெண்களுக்கும் உண்டு. என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்."

என் வயிற்றைப் பற்றிப் பேசப் போன இடத்தில் பெண்கள் பெயர் அடிபடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்து மருத்துவமனை வாசலில், ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே நின்று அவர் அத்தானுக்குப் போன் செய்தார். அக்காவின் கணவர். அத்தான் வேறு கல்யாணம் செய்துகொண்ட பிறகு இவர் அவரோடு பேசுவதில்லை. நலம் விசாரிப்புகூட இல்லாமல், "அத்தான், அன்னைக்கு அக்காவுக்கு என்னாச்சு?" என்று கேட்டார். எதிர்முனையில் அத்தான் வெகு நேரம் பேசினார். இவர் ம், ம் என்று மட்டும் சொன்னார்.

இதயம் என்றாராம் அத்தான். அக்காவுக்கு இதயத்தில் ஏதோ கோளாறு இருந்திருக்கிறது, வீக்கம் என்றோ தடிப்பு என்றோ சொன்னார்கள், முன்கூட்டிப் பரிசோதித்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்கு மேல் அவருக்கும் நினைவில்லை. உன்னிடம் சொல்ல வந்தபோதெல்லாம் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய் மாப்பிள்ளை என்று அழுதாராம்.

இவருக்கும் இரண்டு பெண்களுக்கும் இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். முடிவு வரும்வரை வீட்டில் என் வயிற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பெண்கள் பாட்மின்டன் விளையாடிவிட்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தால்கூட நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூவருக்கும் ஒன்றுமில்லை என்று இதய டாக்டர் சொன்னபோது என் கணவர் எழுந்து நின்று கைகூப்பினார். அன்று வீடு திரும்பியதும் என்னைக் கேட்டார்.

"உனக்கு எது வேணும்? என்னைப் பார்க்காம சொல்லு."

"முழுசு" என்றேன்.

"சரி" என்றார். சம்மதம் என்பதைவிட, தடுப்பதை நிறுத்திக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பள்ளி விடுமுறையில் நாள் குறித்தோம். பெண்களைப் பார்த்துக்கொள்ள என் தங்கை மதுரையிலிருந்து வந்திருந்தாள். காலையில் சர்ஜன் என்னை நிற்க வைத்து, ஊதா நிறப் பேனாவால் இடுப்புக்கு இடுப்பு கோடு போட்டார். குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தேன். இத்தனை நீளமா? ஒரு நொடி, மினியே போதும் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. சொல்லவில்லை.

கண் விழித்தபோது வயிற்றின் மேல் கருங்கல்லை வைத்தது போல இருந்தது. முழங்கால்களை மடக்கி, வில்லாக வளைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மெல்லிய குழாய், நுனியில் பிளாஸ்டிக் குடுவை. என் கணவர் கட்டில் ஓரத்தில் நின்று, "முடிஞ்சது, முடிஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் தங்கை சொன்னாள், இவர் தியேட்டர் கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

ஆனால் அது அன்றோடு முடியவில்லை. மறுநாள் காலை நர்ஸ் என்னை மெல்ல எழுப்பி நாலடி நடக்க வைத்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பப் படுக்க வைத்தபோது வலப்பக்கக் குடுவை பச்சை ரத்தமாக நிறைந்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். இடப்பக்கம் வெறும் செந்நீர்தான். வலது இடுப்புக்கு மேல் வயிறு கல்லாக இறுகி, சூடாக இருந்தது. நர்ஸ் பேச்சை நிறுத்திவிட்டு நாடி பார்த்தார், மறுபடி பார்த்தார், பிறகு வேகமாக வெளியே போனார். என் கணவர் அப்போதுதான் தங்கை செய்து கொடுத்த கஞ்சித் தூக்குடன் உள்ளே வந்தார்.

சர்ஜன் வெளிநோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். அழுத்திப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒரு ரத்தக்குழாய் கசிகிறது, திறந்து கட்ட வேண்டும், இப்போதே என்றார்.

"மறுபடியும் மயக்கமா?" என்று கேட்டார் என் கணவர்.

"ஆமாம்."

அவர் கையில் இன்னும் தூக்கு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையே நின்றார். நர்ஸ் அதை வாங்கி வைத்தார். என் கணவரின் அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்லூரி மாணவனாக அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்தேன். நான்தான் இவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தினேன். மினி என்று அவர் கெஞ்சினாரே. பெண்களைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது, எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

சக்கரக் கட்டிலைத் தள்ளத் தொடங்கியபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். கதவருகே குனிந்தார்.

"இங்கயேதான் இருப்பேன். நீ வந்துருவே."

உள்ளே அதே மயக்க மருந்து டாக்டர். என் காதருகே, உங்கள் கணவர் வெளியே இருக்கிறாரா என்றார். இருக்கிறார் என்றேன். அப்படியானால் சீக்கிரம் முடித்துவிட்டு நானே போய்ச் சொல்கிறேன் என்றார். அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை.

சொன்னபடியே அவர்தான் போய்ச் சொல்லியிருக்கிறார். கசிந்தது சிறிய குழாய்தான், கட்டிவிட்டார்கள், ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. என் கணவர் அதைக் கேட்டுவிட்டு நடைபாதையில், எல்லோர் முன்னாலும், உட்கார்ந்து அழுதாராம். தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா போனபோது அவர் அழவில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரம் நான் கூன் விழுந்த கிழவியைப் போல நடந்தேன். நிமிர்ந்தால் தையல் இழுக்கும். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வேன். குழாய்களை எடுத்த பிறகும் வலப்பக்கம் நீர் சேர்ந்து, ஊசியால் இரண்டு முறை எடுத்தார்கள். 'நான் அப்பவே சொன்னேனே' என்று என் கணவர் ஒருபோதும் சொல்ல மாட்டார் என எதிர்பார்த்தேன். சொன்னார். ஒரு நாள் என்னைக் குளியலறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகும்போது, "மினி பண்ணியிருந்தா இந்நேரம் ஆபீஸ் போயிருப்பே" என்றார்.

"போயிருப்பேன். வயிறும் கூடவே வந்திருக்கும்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்க முடியவில்லை, வலித்தது.

சரியான முடிவுதானா என்று இன்றும் யாராவது கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வராது. முதுகு வலி முக்கால்வாசி போய்விட்டது. இருமினால் கசிவதில்லை. வயிறு தட்டையாக இருக்கிறது, படத்தில் பார்த்த வயிறுகளைப் போல இல்லை, ஆனால் என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும்படி இருக்கிறது. தழும்பு இடுப்புக்கு இடுப்பு ஓடுகிறது. இரண்டாம் முறை திறந்த வலப்பக்கம் மட்டும் தடித்துச் சிவந்து நிற்கிறது, அது அப்படியேதான் இருக்கும் என்றார் சர்ஜன். தொப்புள் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. அத்தான் இப்போது மாதத்துக்கு ஒரு முறை போன் செய்கிறார். இவர் பால்கனிக்குப் போய் நின்று பேசுகிறார்.

பெண்கள் தழும்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். கட்டு பிரித்து வெகு நாள் கழித்து ஒரு மாலை காட்டினேன். இளையவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பஸ், பஸ்", போதும் என்று ஹிந்தியில் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். மூத்தவள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலை ஓட்டினாள். வலிக்கிறதா என்றாள். இல்லை என்றேன். உண்மையில் அவள் விரல் நடுவில் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தொப்புளுக்குக் கீழே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி திரும்பவில்லை. வருமோ வராதோ என்கிறார்கள். அலுவலகத்துக்குப் புடவை கட்டும் நாட்களில் கொசுவத்தைச் செருகிவிட்டு, அது உள்ளே நின்றிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.